பன்னிரண்டில் ஒன்று

"இட ஒதுக்கீடே மண்டல் கமிஷன்லதான் ஆரம்பிச்சுது"ன்னு கேண்டீன்ல ஒரு நண்பர் அடிச்சு விட்டார். நம்ம ஊர் கதை அதுக்கு ரொம்ப முந்தினது மக்களே.

சென்னை மாகாணத்துல முதல் வகுப்புவாரி அரசாணை 1921ல், நீதிக்கட்சி ஆட்சியில வந்தது. ஆனா சரியா அமலாகலை. 1927 ஆணைக்கு உயிர் கொடுத்தவர் அமைச்சர் முத்தையா முதலியார். நாம எழுதுற லூப் மாதிரிதான். 12 வேலை காலியானா பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. பதிமூணாவதுக்கு மறுபடி முதல்லேர்ந்து.

1947ல் அது 14 ஆச்சு. பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியா 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2. 1951ல் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி ஆணை செல்லாதுன்னுடுச்சு. தமிழ்நாடே கொந்தளிச்சுது. அதே வருஷம் அரசியல் சட்டத்தோட முதல் திருத்தத்துல 15(4) சேர்ந்துச்சு.

எங்க கொள்ளுத்தாத்தா 1930கள்ல தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஆனார், அந்த 5ல ஒருத்தரா. வீட்டுல இன்னிக்கும் பெருமையாச் சொல்லுவாங்க. அந்த 1க்குள்ள நின்னவங்களைப் பத்தி மட்டும் எங்க வீட்டுல யாரும் பேசி நான் கேட்டதே இல்லை.