அறக்கொடை ஏலத்தில் ஒரு பேராலயம்: அனி ஓவியங்களின் சான்று மதிப்பு

ஆர்மீனியப் பேராலயம் ஒன்றின் ஓவியம் அறக்கொடை ஏலத்திற்கு வரும்போது, அது எவ்வளவு தொகை ஈட்டும் என்பதே பேச்சாகிறது. அது எதைப் பதிவு செய்துள்ளது என்று எவரும் கேட்பதில்லை. இத்தகைய ஓவியம் கட்டடக்கலை வரலாற்றின் ஆவணமும் ஆகும். ஆகவே முறையாகப் பதிவு செய்த பிறகே அதை விற்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அனி நகரின் பேராலயம் இதற்குத் தக்க சான்று. இன்றைய துருக்கியின் கார்ஸ் மாகாணத்தில், ஆர்மீனிய எல்லையை ஒட்டி அது நிற்கிறது. மன்னர் இரண்டாம் சிம்பாத் காலத்தில் 989இல் தொடங்கிய பணியை, முதலாம் ககிக்கின் அரசி கத்ரமிதே நிறைவேற்றினார். அதன் கட்டடக்கலைஞர் திர்தாத், கான்ஸ்டான்டினோபிளில் ஹாகியா சோபியாவின் சிதைந்த குவிமாடத்தைச் சீரமைத்தவர். அனியில் அவர் எழுப்பிய குவிமாடமோ 1319 நிலநடுக்கத்தில் விழுந்தது. 1988 நிலநடுக்கத்தில் வடமேற்கு மூலையும் சரிந்தது.

இந்த இரண்டாவது இழப்பே ஓவியங்களுக்குத் தனி மதிப்பைத் தருகிறது. 1988க்கு முன் நேரில் கண்டு வரைந்த ஓவியத்தில் அந்த மூலை முழுமையாக இருக்கக்கூடும்: சுவரை ஒட்டி எழும் மெல்லிய இரட்டைத் தூண்கள், அவற்றை இணைக்கும் திறப்பில்லாத குருட்டு வளைவுகள், கல்வரிசைகளின் அடுக்கு. எடுத்துக்காட்டாக, ஓவியர் ஆர்ஷாக் ஃபெத்வாஜியன் (1866–1947) அனியின் கட்டடங்களை நீர்வண்ணத்தில் வரைந்தார். அவற்றின் எரிமலைக் கல்லின் நிறத்தை அக்காலக் கருப்பு வெள்ளைப் புகைப்படம் காட்டாது; நீர்வண்ணம் காட்டும்.

ஓவியர் கற்பனை கலந்திருக்கலாமே என்ற மறுப்பு நியாயமானது. இடிந்த குவிமாடத்தை மீண்டும் வரைந்து வைத்தவரும் இருக்கலாம். ஆனால் கல்வெட்டையும் பயணக்குறிப்பையும் நாம் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே ஏற்கிறோம். ஓவியத்தையும் புகைப்படங்களோடும் அளவு வரைபடங்களோடும் வைத்து அவ்வாறே சோதிக்கலாம். குவிமாடத்தைக் கற்பனையில் சேர்த்த ஓவியமும் வீணல்ல; இழந்ததை ஒரு தலைமுறை எவ்வாறு எண்ணிப் பார்த்தது என்பதற்கு அது சான்று.

அறக்கொடைக்காக ஓவியத்தை விற்பதில் தவறில்லை. ஆர்மீனிய வழியில் வந்த கடல் ஓவியர் ஐவசோவ்ஸ்கி தம் கண்காட்சி வருவாயைப் பலமுறை நற்பணிகளுக்கு அளித்தார். சிக்கல் விற்பனையில் இல்லை. ஏலம் முடிந்ததும் ஓவியம் தனியார் சுவருக்குப் போய்விடுகிறது. ஆய்வாளர் அதைப் பிறகு காண வழியில்லை.

எனவே ஏலம் நடத்துவோர் மூன்று செயல்களைக் கடமையாகக் கொள்ள வேண்டும். வரைந்த ஆண்டு, ஓவியர் நின்ற திசை, ஓவியம் கைமாறிய வரலாறு ஆகியவற்றைப் பட்டியலில் எழுதுவது முதலாவது. ஓவியத்தின் உயர்தெளிவுப் படத்தை எடுத்து ஒரு பொது ஆவணகத்தில் சேர்ப்பது இரண்டாவது. ஆய்வுக்காக ஓவியத்தைக் காட்ட வாங்குபவரின் ஒப்புதலை எழுத்தில் பெறுவது மூன்றாவது. அனி 2016இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. அதன் ஓவியங்களுக்கும் அதே அக்கறை உரியது.