காசநோய் வார்டில் தொடங்கிய கதை: மனச்சோர்வு மருந்தின் தோற்றம் குறித்து நேதன் கிளைனுக்கு ஒரு மறுப்பு

மனச்சோர்வு மருந்துகளின் தொடக்கத்தை எழுத வருபவர்களில் பலர் இன்றும் அமெரிக்க உளமருத்துவர் நேதன் கிளைன் போட்டுவைத்த தடத்திலேயே நடக்கிறார்கள். உயிரியல் உளமருத்துவத்தின் கண்டுபிடிப்புகள் பற்றி 1970இல் வந்த தொகைநூலில், மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பிகளின் வரலாற்றை அவரே எழுதினார். அந்த வரலாற்றில் காசநோயாளிகள் முன்கதையில் மட்டும் வந்து போகிறார்கள். அந்தத் தடுப்பிகளில் ஒன்றான ஐப்ரோனியாசிட் காசநோய்க்காக வந்தது. நோயாளிகள் உற்சாகமடைந்ததை நுரையீரல் மருத்துவர்கள் பக்கவிளைவாகக் கருதி விட்டுவிட்டார்கள். அதன் உளமருத்துவப் பொருளை உணர்ந்து மருந்தாக்கியது 1957இல் நியூயார்க்கின் ராக்லண்ட் அரசு மருத்துவமனையில் இயங்கிய தம் குழு என்பதே சாரம். இந்தச் சித்திரம் ஏறத்தாழ உண்மை என்பதால்தான் இத்தனை காலம் நிலைத்தது. ஆனால் கடும் நோயில் விழுந்தவரின் துயரத்தை மருந்தால் தணிக்கலாமா என்னும் கேள்வியை இது பிற்காலத்தில் ஒட்டப்பட்ட கிளைபோலக் காட்டிவிடுகிறது. அந்தக் கேள்விதான் வேர் என்பது என் வாதம்.

ஸ்டேட்டன் தீவின் சீவியூ மருத்துவமனையில் எட்வர்ட் ராபிட்செக்கும் இர்விங் செலிகாஃபும், மற்ற சிகிச்சைகளுக்கு இணங்காத முற்றிய காசநோயாளிகளுக்கு ஐசோனியாசிட், ஐப்ரோனியாசிட் இரண்டையும் கொடுத்துப் பார்த்ததும் 1952இல் அறிக்கை வெளியிட்டதும் தெரிந்த செய்திகள். அதே ஆண்டு பத்திரிகைகளில் வந்த ஒரு புகைப்படத்தில் நோயாளிகள் வார்டில் ஆடிப் பாடுகிறார்கள். மனச்சோர்வு மருந்தின் பிறப்புச் சான்றிதழ்போல அது நூலுக்கு நூல் மறுபதிப்பாகிறது. எனக்கு அந்தப் படத்தின்மேல் நம்பிக்கை குறைவு. நிருபர்கள் திரண்டிருக்க, சாவை எதிர்நோக்கியிருந்தவர்கள் பிழைத்தோம் என்று ஆடினால் அதற்கு மருந்தியல் விளக்கம் எதற்கு? படத்தில் இருப்பவர்கள் விழுங்கியது எந்த மாத்திரை என்பதையும் படம் சொல்லாது.

ஆகவே சான்றை வேறிடத்தில் தேடவேண்டும். அது ஜார்ஜ் கிரேனிடம் இருக்கிறது. நியூயார்க்கின் மான்டிஃபியோரி மருத்துவமனையில் ஐப்ரோனியாசிட் பெற்ற 20 காசநோயாளிகளைக் கவனித்து, அமெரிக்க உளமருத்துவ இதழில் 1956இல் அவர் எழுதிய கட்டுரை, பெயரளவில் அந்த மருந்தின் உளப் பக்கவிளைவுகளைப் பற்றியது. 20 பேரில் 11 பேருக்கு மனநிலை மேம்பட்டது. அவர்களில் சிலர் மனச்சோர்வில் இருந்தவர்கள். அடுத்த ஆண்டே அவர் இன்னொரு கட்டுரை எழுதினார். அதில் ஐப்ரோனியாசிட் ஒரு சிகிச்சையாக முன்வைக்கப்படுகிறது. மன நோய்களுக்கும் உடலை உருக்குலைக்கும் நோய்களுக்கும் என இரண்டையும் சேர்த்தே தலைப்பு அறிவிக்கிறது. இந்தச் சேர்க்கையைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. நுரையீரல் அழிந்தவரின் சோர்வு ஒன்று, காரணமில்லாச் சோர்வு வேறொன்று என்று கிரேன் பிரிக்கவில்லை. இரண்டையும் ஒரே மருந்தின் முன் நிறுத்தினார். 11 பேர் சிறிய எண்ணிக்கைதான், ஒப்பீட்டுக் குழுவும் கிடையாது. ஆனால் கிளைனின் 1957ஆம் ஆண்டு அறிக்கை மட்டும் பெரிதா? அதிலிருந்தவர்கள் 24 பேர். அவர்களில் 17 பேர் நாட்பட்ட மனச்சிதைவு நோயாளிகள், மனச்சோர்வாளர்கள் வெறும் 7 பேர். கிளைனுக்கு வழிகாட்டியவையும் பெரும்பாலும் விலங்குச் சோதனைகளே: முதலில் ஐப்ரோனியாசிடும் பிறகு ரெசர்பினும் பெற்ற விலங்குகள் ஒடுங்குவதற்குப் பதிலாகத் துடிப்படைந்தன. (நம் சர்ப்பகந்தாவிலிருந்து வந்த ரெசர்பினை அமெரிக்க உளமருத்துவத்துக்குள் கொண்டுவந்ததில் முன்நின்றவரும் கிளைனே.) மனச்சோர்வுற்ற மனிதர்களைப் பொறுத்தவரை, மான்டிஃபியோரி வார்டு ராக்லண்டைவிட எவ்வகையிலும் குறைந்ததல்ல.

காசநோயாளிகள் மகிழ்ந்ததற்குக் காரணம் அவர்கள் குணமானதே என்பது வலுவான மறுப்பு. புகைப்படத்தைப் பற்றி நானே அதைச் சொன்னேன். ஆனால் ஐசோனியாசிடும் கிருமியைக் கொல்லும். குணமாவது மட்டுமே காரணமென்றால் இரண்டு மருந்திலும் மனநிலை ஒரே அளவில் மாறியிருக்க வேண்டும். நடந்தது வேறு: கிளர்ச்சி ஐப்ரோனியாசிடில்தான் மிகுந்தது, அதனாலேயே காசநோய்ச் சிகிச்சையில் அது பின்தங்கியது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டுச் சிகிச்சையையும் சானடோரியச் சிகிச்சையையும் ஒப்பிட்டபோது பாஸ் என்னும் காசநோய் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தது ஐசோனியாசிடைத்தான். இரு மருந்துகளின் வேறுபாட்டுக்கு ஒரு விளக்கமும் இருந்தது: மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்னும் நொதியை ஐப்ரோனியாசிட் தடுக்கிறது, ஐசோனியாசிட் அப்படிச் செய்வதில்லை என்று ஆல்பர்ட் செல்லர் 1952இலேயே காட்டியிருந்தார்.

இந்த நொதி விளக்கம் முழுமையாகப் பொருந்தவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சின்சினாட்டியில் மேக்ஸ் லூரியும் ஹாரி சால்சரும், பாரிஸில் ழான் டிலேயும் காசநோயில்லாத மனச்சோர்வாளர்களுக்குக் கொடுத்துப் பலன் கண்டதாகச் சொன்னது ஐசோனியாசிடை. நொதி விளக்கத்துக்கு இது இடைஞ்சல். குணமானதுதான் காரணம் என்போருக்கோ இது அதைவிடப் பெரிய இடைஞ்சல், ஏனெனில் இவர்களுக்குக் குணமாகக் காசநோயே இல்லை. லூரி சிகிச்சையைத் தொடங்கியது 1952இல், கட்டுரை அச்சானது 1953இல். ‘மனச்சோர்வு எதிர்ப்பி’ என்ற பெயரும் அவருடையது என்பர். முதன்மையை எந்த ஆண்டில், எவரிடம் வைப்பது என்பதை நான் முடிக்காமலே விடுகிறேன். கிளைனுக்கு முன்பே சிலர் இருந்தார்கள் என்பது என் வாதத்துக்குப் போதும்.

கிளைனின் அறிவிப்பு வெளிவந்த ஓராண்டுக்குள் ஏறத்தாழ 4,00,000 பேர் ஐப்ரோனியாசிட் எடுத்துக்கொண்டதாகக் கணக்கு. அது அத்தனை விரைவாகப் பரவியதற்குக் காரணம், காசநோய் மருந்தாக ஏற்கெனவே கடைகளில் இருந்ததுதான். கல்லீரல் பாதிப்பு காரணமாக 1961இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலகியது. இதற்குள் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் இமிப்ரமின் என்னும் இன்னொரு மனச்சோர்வு மருந்தை நிலைநிறுத்தியிருந்தார். அவர் கவனித்தது மனநல மருத்துவமனை நோயாளிகளை. மருந்துக்குரிய மனச்சோர்வின் மாதிரி உருவம் அங்கிருந்து வார்க்கப்பட்டதும், உடல்நோயாளியின் சோர்வு ‘இயல்பான துயரம்’ என்று ஆராய்ச்சியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

அது திரும்பி வந்தபோது புதிய பிரச்சினைபோல வந்தது. பசியின்மை, தூக்கக்கேடு, களைப்பு ஆகியவை புற்றுநோயாலும் வரும், மனச்சோர்வாலும் வரும், எதை எண்ணுவது? ஜீன் எண்டிகாட் 1984இல் இவற்றுக்குப் பதிலாக அழுகை, ஒதுங்குதல், நம்பிக்கையிழப்பு போன்றவற்றை வைக்கச் சொன்னார். இந்த அளவுகோலால் பார்த்தால், பசியெடுத்ததையும் எடை கூடியதையும் உற்சாகத்தோடு சேர்த்தெண்ணிய சீவியூ குறிப்புகள் பாதி கரைந்துவிடும். என் தரப்புக்கு இது நட்டமே. சோதனைகளின் தீர்ப்பும் ஒன்றாக இல்லை. மாரடைப்பு உள்ளிட்ட தீவிர இதயப் பாதிப்புக்குப் பின் 369 பேரிடம் செர்ட்ராலின் என்னும் மனச்சோர்வு மருந்து பாதுகாப்பானது என்று 2002இல் தெரிந்தது, ஆனால் மனநிலையில் பெரிய பலன் கடும் மனச்சோர்வு மீண்டும் மீண்டும் வந்தவர்களிடமே தெளிவாக இருந்தது. நாட்பட்ட சிறுநீரக நோயாளிகள் 201 பேரிடம் 2017இல் அதே மருந்து போலி மாத்திரையை வெல்லவில்லை. புற்றுநோயாளிகளைப் பற்றிய காக்ரேன் மதிப்பாய்வும் சான்றின் தரம் மிகத் தாழ்ந்தது என்றே சொல்கிறது.

கிரேனுக்கு மிக நெருங்கி வருவது 2001ஆம் ஆண்டின் ஒரு சிறு சோதனை. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா பெறவிருந்த 40 பேரில் பாதிப்பேருக்கு இரண்டு வாரம் முன்னதாகவே பராக்செட்டின் என்னும் மனச்சோர்வு மருந்து தொடங்கப்பட்டது. போலி மாத்திரைக் குழுவில் 45 விழுக்காட்டினருக்கும், மருந்து பெற்றவர்களில் 11 விழுக்காட்டினருக்கும் கடும் மனச்சோர்வு வந்தது. இங்கே சோர்வைத் தூண்டியது உடலுக்குக் கொடுத்த மருந்தே என்பதால், நோயை அறிந்து வருந்துகிற சாதாரணத் துயரத்துக்கு இதை நீட்டமுடியாது என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. மான்டிஃபியோரியின் 11 பேரில் எவர் எந்த வகைச் சோர்வில் இருந்தார் என்பதைப் பிரித்தறிந்தால் மட்டுமே அதற்குப் பதில் சொல்லமுடியும். கிரேனின் காலத்தில் அப்படிப் பிரிப்பதற்கு அளவுகோல் இல்லை.