களிமண் தட்டுச் சுடுதலில் கண்ணாடியும் பார்வைத் திருத்தமும்

எந்திரம் வானில் எறியும் சிறு தட்டை, ஈய ரவைகள் அடைத்த தோட்டாவால் சுட்டு உடைக்கும் விளையாட்டு களிமண் தட்டுச் சுடுதல். ஷாட்கன் எனப்படும் ரவைத் துப்பாக்கியே இதன் கருவி. ட்ராப், ஸ்கீட் என்ற இரு பிரிவுகள் இன்று ஒலிம்பிக்கில் உள்ளன. ட்ராப்பில் சுடுநர் நிற்கும் இடத்துக்கு 15 மீட்டர் முன்னால் உள்ள பள்ளத்திலிருந்து தட்டு சீறிக் கிளம்பி அவரை விட்டு விலகிப் பறக்கும். ஸ்கீட்டில் இரு பக்கக் கூண்டுகளிலிருந்து குறுக்கே பறக்கும். இரண்டிலும் யோசித்துச் சுட நேரமில்லை. கண் பார்த்ததும் கை தொடர வேண்டும். அதனால் சுடுநரின் மூக்குக்கண்ணாடியும் இந்த விளையாட்டின் கருவிகளில் ஒன்று. அதன் பவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அது முகத்தில் எங்கே அமர்கிறது என்பதைப் பற்றிப் பேசுபவர் குறைவு. இந்த ஆட்டத்தில் பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பறவையிலிருந்து தட்டுக்கு

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பெட்டியிலிருந்து உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். ட்ராப் என்ற பெயர் அந்தப் பெட்டிப் பொறியிலிருந்து வந்தது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட உயிர்ப்புறாப் போட்டி நடந்தது. அதற்கு முன்பே அமெரிக்காவில் கண்ணாடிப் பந்துகள் மாற்றாக வந்திருந்தன. ஆடம் போகார்டஸ் என்ற புகழ்பெற்ற சுடுநர் 1877இல் தம் பந்துக்குக் காப்புரிமை பெற்றார். வழுவழுப்பான பந்தில் ரவை வழுக்கிச் செல்லாமலிருக்க, அதன் மேற்பரப்பை வரிவரியாக அமைத்திருந்தார். சுட்ட இடமெல்லாம் கண்ணாடிச் சில்லு சிதறும். காலுக்கும் கண்ணுக்கும் அது ஆபத்து.

1880இல் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி தட்டையான களிமண் தட்டைக் கொண்டுவந்தார். சிறுவர்கள் கிளிஞ்சல் ஓட்டைத் தண்ணீர்மேல் தாவித்தாவிச் செல்லும்படி எறிந்ததைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை தோன்றியதாகச் சொல்வார்கள். கண்மாய்த் தண்ணீரில் ஓட்டாஞ்சில்லு விட்டு வளர்ந்த கரிசல்காட்டுக்காரருக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது. வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளம் மேட்டில் தமிழகத் தொல்லியல் துறை 2022 முதல் நடத்திய அகழாய்வுகளில், உடைந்த பானை ஓட்டைத் தட்டி உருட்டிச் செய்த வட்டச்சில்லுகள் கிடைத்துள்ளன. அவை விளையாட்டுக் காய்கள். சுடுவதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஆனால் வட்டமான மண் சில்லுக்கு ஒரு விளையாட்டுப் புத்தி உண்டு என்பது பழைய சங்கதி.

லிகோவ்ஸ்கியின் சூளைத் தட்டு சில நேரம் ரவை பட்டும் உடையாமல் மணிபோல ஒலித்துவிட்டுப் போனது. பிறகு தார்ப்பிசினும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து செய்தார்கள். இன்றைய களிமண் தட்டில் களிமண் கிடையாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சர்வதேசத் தட்டின் விட்டம் 110 மி.மீ., எடை ஏறக்குறைய 105 கிராம்.

புகை விலகியது

பார்வைத் திருத்தத்துக்கு முன்பே பார்வைக்கு ஒரு பெரிய உதவி வேதியியலிலிருந்து வந்தது. அந்தக் காலத் தோட்டாவில் இருந்தது கருமருந்து: வெடியுப்பு, கந்தகம், கரி. சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இதன் குணத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு சரம் வெடித்த பிறகு எதிர்வீடு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தாலே போதும். இரட்டைக்குழல் துப்பாக்கியில் முதல் குண்டு தவறினால், இரண்டாவதைச் சுடுமுன் எதிரே வெண்புகைத் திரை. 1884இல் பிரான்சின் பால் வியேல் உருவாக்கிய புகையற்ற வெடிமருந்தும் அதன் வழிவந்தவையும் பரவிய பிறகுதான் தட்டை இரண்டாம் முறை தெளிவாகப் பார்க்க முடிந்தது. அதன்பின் தடையாக மிஞ்சியது சுடுநரின் கண்ணே.

தட்டு கண்ணுக்கு எவ்வளவு பெரியது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பாகையை 60ஆகப் பிரித்தால் வருவது ஒரு கலை. கண் மருத்துவமனைப் பலகையில் 6/6 வரிசை எழுத்து, கண்ணில் 5 கலை உயரம் கொள்ளும். 35 மீட்டர் தொலைவில் தட்டின் முழு வட்டமும் தெரிந்தால் அது ஏறக்குறைய 11 கலை. விளிம்பு மட்டும் தெரிந்தால் உயரம் இரண்டரைக் கலைதான். எழுத்தைப் படிப்பதுபோல் தட்டைப் படிக்க வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனாலும் அது எந்தப் பக்கம், என்ன கோணத்தில் போகிறது என்பதை அதன் விளிம்புதான் சொல்கிறது.

முக்கால் டயாப்டர் கிட்டப்பார்வை உள்ளவர் தெருவில் நடக்கவோ வண்டி ஓட்டவோ பெரிதாகச் சிரமப்பட மாட்டார். கண்ணாடியே வேண்டாம் என்றிருப்பார். அவருடைய கண்மணி 3 மி.மீ. விரிந்திருந்தால், ஒரு புள்ளி அவர் கண்ணில் 8 கலைக்குச் சற்றுக் குறைவான மங்கல் வட்டமாகப் பரவும். 4 மி.மீ. விரிந்தால் அந்த வட்டம் தட்டின் அளவையே எட்டிவிடும். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தட்டு இன்னும் மங்கலாகத் தெரிகிறதே என்று வியப்பவர்களுக்கு விடை இதுதான். இருட்டில் கண்மணி விரிகிறது; மங்கலும் விரிகிறது. பவரைச் சரிசெய்யாமல் நிறத்தைத் தேடுவது வீண்வேலை.

இங்கே ரைஃபிளும் ஷாட்கன்னும் வேறுபடுகின்றன. ரைஃபிள் சுடுபவர் குழல்நுனியில் உள்ள முன்குறியைக் கூர்மையாகப் பார்க்க வேண்டும். அதற்கேற்ப லென்ஸைச் சற்று மாற்றித் தருவார்கள். தட்டுச் சுடுபவர் குழலைப் பார்க்கவே கூடாது. அவர் கண் முழுக்கத் தட்டில் இருக்க வேண்டும். குழல் ஓரப்பார்வையில் ஒரு நிழலாகத் தெரிந்தால் போதும். ஆகவே இவருக்கு வேண்டியது முழுத் தொலைவுப் பவர். வெள்ளெழுத்து வந்த நாற்பது வயதுக்காரர், குழல்முனையின் மணி தெளிவாகத் தெரியவில்லை என்று குறைப்படுவார். அது தெளிவாகத் தெரியாதிருப்பதே அவருக்கு நல்லது.

லென்ஸின் எந்த மூலை?

கண்ணாடிக் கடையில் லென்ஸின் ஒளிமையத்தை, நாம் நேராக நின்று நேராகப் பார்க்கும் நிலைக்குப் பொருத்துகிறார்கள். துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைக் கட்டையில் பதித்ததும் தலை முன்னோக்கிக் குனிந்து பக்கவாட்டில் சாய்கிறது. வலத்தோள்காரர் அப்போது வலது லென்ஸின் மேல்பகுதியில், மூக்கை ஒட்டிய மூலை வழியாகப் பார்க்கிறார். சாதாரணச் சட்டத்தில் அந்த இடத்தில் சில வேளை லென்ஸே இருக்காது. சட்டத்தின் விளிம்புதான் இருக்கும். தட்டு எழும் நேரத்தில் விளிம்பு குறுக்கே நின்றால், தலையைத் தூக்கிப் பார்க்கத் தோன்றும். தலை தூக்கினால் குறி போயிற்று.

லென்ஸ் இருந்தாலும், மையத்தை விட்டு விலகிப் பார்த்தால் அது முப்பட்டகமாக வேலை செய்து உருவத்தை நகர்த்தும். எத்தனை சென்டிமீட்டர் விலகலோ அதைப் பவரால் பெருக்கினால் விளைவு கிடைக்கும். ப்ரென்டிஸ் விதி என்பது இதுதான். மைனஸ் 4 பவரில் 1 செ.மீ. விலகிப் பார்த்தால் உருவம் மீட்டருக்கு 4 செ.மீ. வீதம் நகரும், 35 மீட்டரில் 1.4 மீட்டர். படித்ததும் பதறத் தோன்றும். ஆனால் குழலும் அதே லென்ஸ் வழியாகவே தெரிவதால் அதுவும் சேர்ந்தே நகர்கிறது. குறி அந்த அளவுக்குத் தவறுவதில்லை. தொல்லை வேறு இடத்தில். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறாக இருந்தால் நகர்வும் வேறாகும். வலது 4, இடது 2 என்றால், மேல்நோக்கி 1 செ.மீ. விலகியதும் இரு உருவங்களுக்கும் இடையே மீட்டருக்கு 2 செ.மீ. உயர வித்தியாசம். பக்கவாட்டு வித்தியாசத்தை இரு கண்களும் ஓரளவு சமாளிக்கும். மேல்கீழ் வித்தியாசத்தைத் தாங்குவது கடினம். தட்டு இரண்டாகத் தெரியும், அல்லது ஒரு கண் தன் வேலையை நிறுத்திக்கொள்ளும்.

ஸ்கீட்டில் இது இன்னொரு வகையில் படுத்தும். சர்வதேச விதிப்படி தட்டு வெளிவரும்வரை துப்பாக்கிக் கட்டை இடுப்பருகே இருக்க வேண்டும். தட்டைக் கண்டதும் துப்பாக்கி ஏறுகிறது, தலை பதிகிறது. பார்வை லென்ஸின் நடுவிலிருந்து மூலைக்கு ஓடுகிறது. தட்டு பறக்கும்போதே உருவமும் நீந்துவதுபோல் இருக்கும். வாசிக்கவும் தொலைவுக்கும் ஒரே லென்ஸாக வரும் ப்ரோக்ரெசிவ் கண்ணாடியில் ஓரங்களின் நெளிவும் சேர்ந்துகொள்ளும். சுடுகளத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போகாமலிருப்பது நலம்.

இதற்கான தீர்வு புதியதன்று. மூக்குப் பாலத்தை உயர்த்தித் தாழ்த்திக்கொள்ளும் உயரமான சட்டங்களை அமெரிக்காவின் டிகாட் போன்றோர் சுடுநர்களுக்கென்றே செய்தனர். ஒளிமையத்தை மேலும் உள்நோக்கியும் நகர்த்தி லென்ஸ் வெட்டச் சொல்லலாம். அதற்கு, துப்பாக்கி ஏற்றிய நிலையில் கண் எந்த இடம் வழியாகப் பார்க்கிறது என்று லென்ஸில் புள்ளி வைக்க வேண்டும். கடைத்தெருக் கண்ணாடிக் கடைக்குள் ஷாட்கன்னோடு நுழைவது உசிதமல்ல. அதே நீளத்தில் ஒரு மரக்கட்டை போதும்.

கான்டாக்ட் லென்ஸ் கண்ணோடு சேர்ந்து திரும்புவதால் இந்த மையச் சிக்கல் எதுவும் அதில் இல்லை. அதிக மைனஸ் கண்ணாடி உருவத்தைச் சிறிதாக்கிக் காட்டும். கான்டாக்ட் லென்ஸில் அந்தக் குறையும் பெருமளவு நீங்கும். கோடைக் காற்றில் கரிசல் புழுதி பறக்கும் நிலத்தில் அதன் மேல் ஒரு காப்புக் கண்ணாடி கட்டாயம்.

ஆளும் கண்

இரு கண்ணும் திறந்திருந்தாலும் ஒன்றுதான் குறியை ஆளும். 1593இலேயே இத்தாலியின் ஜாம்பத்திஸ்தா தெல்லா போர்த்தா இதைப் பதிவு செய்தார். வலத்தோளில் துப்பாக்கி வைப்பவருக்கு இடக்கண் ஆளும் கண்ணாக இருந்தால், குழல் ஒரு பக்கமும் குறி ஒரு பக்கமுமாகும். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிக் கம்மாளர்கள் வலத்தோளிலிருந்து இடக்கண்ணுக்கு வளைந்து வரும் கட்டைகளைச் செய்து கொடுத்தார்கள். தோளை மாற்றிக்கொள்வது இன்னொரு வழி, இளவயதில் முடியும். கண்ணை மூடிவிட்டால் பார்வைப் பரப்பு குறையும். எனவே பலர் ஆளும் கண்ணின் லென்ஸில், குழல்முனை தெரியும் இடத்தில் மட்டும், நாணயம் அளவுக்கு மங்கல் நாடா ஒட்டிக்கொள்கிறார்கள். தலை நிமிர்ந்தால் இரு கண்ணும் தெரியும். கட்டையில் பதிந்தால் ஒரு கண்ணின் குறி மட்டும் மறையும்.

2024 பாரிஸில் சாதாரணக் கண்ணாடியோடு, இரு கண்ணும் திறந்து ஏர் பிஸ்டல் சுட்டு வெள்ளி வென்ற துருக்கியின் யூசுஃப் டிகேச் உலகெங்கும் பேசப்பட்டார். பிஸ்டலில் அது அபூர்வம். தட்டுச் சுடுபவர்களுக்கு அதில் வியப்பொன்றும் இல்லை.

நிறமும் காப்பும்

1930களில் பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனம் சுடுநர்களுக்கு மஞ்சள் லென்ஸ் தந்தது. நீல ஒளியைத் தடுத்து, மங்கிய வானில் மாறுபாட்டைக் கூட்டுவது மஞ்சள். செந்நிறமும் ஊதாவும் பின்னணிப் பச்சையை அடக்கி ஆரஞ்சுத் தட்டை எழுப்பிக் காட்டும். மரங்கள் சூழ்ந்த ஐரோப்பியச் சுடுகளங்களுக்கு அவை பொருத்தம். சித்திரை வெயிலில் வெளுத்த வானமும் மரமற்ற சமவெளியுமான விருதுநகர்ப் பக்கத்தில் வெளிர் பழுப்போ சாம்பலோ கண்ணை இதமாக வைக்கும். சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் குறையுள்ளவர்களுக்கு இந்தத் தேர்வு இன்னும் முக்கியம்.

பாலிகார்பனேட் 1953இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. கண்ணாடிபோல் நொறுங்காததால் தட்டுச் சில்லிலிருந்து கண்ணைக் காக்கிறது. தீபாவளி வெடிக்கும் இதே லென்ஸைத்தான் கண் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் மையத்தை விட்டு விலகிப் பார்த்தால் உருவத்தின் ஓரத்தில் வண்ணக் கீற்று தெரியும். பவர் கூடக் கூட இது கூடும். மூலை வழியாகப் பார்க்கும் சுடுநருக்கு மறுபடியும் அதே தலைவலி.

இந்தியாவில்

வேட்டை அரச குடும்பங்களின் பொழுதுபோக்காக இருந்த நாட்டில், தட்டுச் சுடுதலும் அவர்கள் வழியாகவே வந்தது. பிகானீரின் கர்ணி சிங் 1962 கெய்ரோ உலகப் போட்டியில் ட்ராப் வெள்ளி வென்றார். 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்டார். கடைசிப் போட்டியின்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. வெள்ளெழுத்து வயதிலும் ஆடக்கூடிய ஆட்டம் இது என்பதற்கு அவரே சான்று. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவடைத்தபின் துப்பாக்கிக்குச் சுடுகளமே இடமானது. ரந்தீர் சிங் 1978 ஆசியப் போட்டியில் தங்கம், ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் 2004 ஏதென்ஸில் டபுள் ட்ராப் வெள்ளி, மானவ்ஜித் சிங் சந்து 2006இல் உலகப் பட்டம் வென்றனர்.

தமிழகத்தின் பெயர் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான். 2023இல் தோஹா உலகக் கோப்பையில் ட்ராப் வெண்கலமும், ஹாங்சோ ஆசியப் போட்டியில் கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்துவோடு அணித் தங்கமும் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார்.

பார்வைத் திருத்தத்தில் தமிழர் பங்கு இதைவிடப் பெரியது. சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில் எக்ஸைமர் லேசர் திசுவைச் சுடாமல், கருக்காமல் செதுக்கும் என்று கண்டார்; முதலில் செதுக்கியது விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை. லேசிக் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது. கரிசல் பூமியின் அயன் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992 முதல் அதன் ஆரோலேப், கண்புரைக்குப் பின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைக் குறைந்த விலையில் செய்துவருகிறது.

இந்த உள்லென்ஸும் லேசிக்கும் சுடுநருக்குக் கண்ணாடியின் மூலைத் தொல்லையை ஒரேயடியாகத் தீர்க்கின்றன. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாசிக்கக் கண்ணாடி வேண்டாமென்று, ஒரு கண்ணைத் தொலைவுக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் அமைத்துக் கொடுக்கும் முறை இருக்கிறது. வலத்தோளில் சுடுபவருக்கு வலக்கண்ணைக் கிட்டத்துக்கு அமைத்துவிட்டால், தொலைவில் தெளிவாகத் தெரியும் இடக்கண் குறியை ஆளத் தொடங்கும். பல ஆண்டுப் பழக்கம் ஒரே நாளில் குழம்பும். பல தொலைவுகளைக் காட்டும் உள்லென்ஸ்கள் மாறுபாட்டைச் சற்றுக் குறைக்கும் என்பதால், மங்கிய மாலையில் தட்டைத் தேடுபவருக்கு ஒரே தொலைவு லென்ஸே ஏற்றது. எந்தத் தோளில் துப்பாக்கி வைக்கிறோம் என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அவராகக் கேட்க மாட்டார்.