விலை ஏறவில்லை, பொட்டலம்தான் சுருங்கியது

பேரங்காடியில் ஒரு பொருளின் விலை ஏறினால் உடனே கண்ணில் பட்டுவிடும். எடை குறைந்தால் படுவதில்லை. 400 கிராம் பிஸ்கட் பொட்டலம் ஒன்று 5 வெள்ளி 20 காசுக்கு விற்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சில மாதம் கழித்து அதே நிறம், அதே படம், அதே 5 வெள்ளி 20 காசு. உள்ளே இருப்பதோ 350 கிராம். 100 கிராமுக்கு 1 வெள்ளி 30 காசு கொடுத்து வந்தவர் இப்போது ஏறக்குறைய 1 வெள்ளி 49 காசு கொடுக்கிறார். அதாவது 14 விழுக்காட்டுக்கும் மேல் விலையேற்றம்.

மாவு, கொக்கோ, எண்ணெய், போக்குவரத்து என்று செலவு கூடும்போது உற்பத்தியாளருக்கு இரண்டு வழிகள்: விலையைக் கூட்டலாம், அல்லது அளவைக் குறைக்கலாம். வாங்குபவருக்கு விலை மனப்பாடம். கிராம் கணக்கு நினைவில் இருப்பதில்லை. அதனால் இரண்டாவது வழியே பலருக்கும் பிடித்திருக்கிறது.

இது குற்றமா என்றால், பெரும்பாலும் இல்லை. மலேசியாவில் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, பொட்டலத்தில் உள்ள குறைந்தபட்ச நிகர எடையை அச்சிட வேண்டும். ‘பெராட் பெர்சிஹ்’ என்று போட்டிருப்பது அதுதான். 350 கிராம் என்று அச்சிட்டு 350 கிராம் வைத்திருந்தால், முன்பு 400 இருந்ததே என்று கேட்டுப் பயனில்லை. பிரான்சில் 2024 ஜூலை 1 முதல், அளவு குறைந்து விலை குறையாத பொருளுக்குப் பக்கத்தில் பெரிய கடைகள் அறிவிப்பு வைக்க வேண்டும். நம் அலமாரிகளில் அப்படி எந்த அறிவிப்பும் தொங்குவதில்லை. நம் கண்தான் காவல்.

கட்டுப்பாட்டு விலைப் பொருள்களில் இந்த வித்தை செல்லாது. மானிய விலை சமையல் எண்ணெய் பாக்கெட் 1 கிலோ 2 வெள்ளி 50 காசு என்று விலையோடு எடையும் சேர்த்தே நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைச் சீனியும் அப்படித்தான், கிலோவுக்கு இவ்வளவு என்று. சுருங்குவதெல்லாம் பிஸ்கட், மைலோ வகை பானங்கள், சவர்க்காரம், பற்பசை, சலவைத் தூள், டிஷ்யூ போன்றவை.

எண்ணெயில் இன்னொரு சிக்கல் உண்டு. போத்தல் எண்ணெய் சில கிலோவிலும் சில லிட்டரிலும் வருகின்றன. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. 1 லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம்தான். ஆகவே 5 லிட்டர் போத்தலில் ஏறக்குறைய 4.55 கிலோ எண்ணெய் இருக்கும். பக்கத்தில் உள்ள 5 கிலோ போத்தலைவிட 1 வெள்ளி மலிவாக இருக்கிறது என்று அதை எடுத்தால், ஏறக்குறைய அரைக் கிலோ எண்ணெயை விட்டுவிட்டு வருகிறோம்.

டின் பாலிலும் எழுத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. தே தண்ணி கலக்க நாம் வாங்கும் பல டின்களில் ‘கிரிமெர் மானிஸ்’ என்றுதான் இருக்கும், ‘சூசு பெக்காட் மானிஸ்’ என்று இருக்காது. முன்னது பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் சேர்த்துச் செய்யப்படுவது. ஊற்றுவதில் தவறில்லை. ஆனால் குழந்தைக்குப் பால் என்று நினைத்துக் கரைத்துக் கொடுக்கக் கூடாது.

காளான், கொண்டைக்கடலை போன்று நீரில் போட்டு அடைத்த டின்களில் இரண்டு எடைகள் இருக்கும். மொத்தம் 425 கிராம், வடிகட்டிய எடை 240 கிராம் என்றால் சாப்பிடக் கிடைப்பது 240 மட்டுமே. இரண்டு டின்களை ஒப்பிடும்போது அந்த இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும். சிறு பைகளாக வரும் காப்பித் தூளில் பைகளின் எண்ணிக்கை மாறாமல் ஒவ்வொரு பையின் எடை மட்டும் குறையலாம்.

பெரிய பொட்டலம்தான் மலிவு என்பதும் எப்போதும் உண்மையில்லை. 200 கிராம் காப்பித் தூள் 6 வெள்ளி 40 காசு, 500 கிராம் 16 வெள்ளி 90 காசு என்றால், 100 கிராமுக்கு முறையே 3 வெள்ளி 20 காசு, 3 வெள்ளி 38 காசு. சின்னதுதான் மலிவு. ‘இரண்டு வாங்கினால் 9 வெள்ளி’ என்று சிவப்பு அட்டை தொங்கும். ஒன்றின் விலை 4 வெள்ளி 40 காசாக இருந்தால் அது சலுகையே அல்ல. விலையைக் கிராமால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். கைப்பேசியில் அரை நிமிட வேலை. சில பேரங்காடிகள் இந்தக் கணக்கை விலைச்சீட்டின் மூலையில் பொடி எழுத்தில் தாங்களே போட்டிருப்பார்கள். உறுப்பினர் விலையைப் பெரிதாகவும் சாதாரண விலையைச் சிறிதாகவும் போடும் சீட்டுகளில் வயதானவர்கள் ஏமாறுவது அதிகம். செயலி இல்லாதவருக்கு அந்தப் பெரிய எண்ணால் பயனில்லை.

இதுவரை சொன்னவை நாமே கணக்குப் பார்த்துத் தப்பிக்க வேண்டியவை. அலமாரியில் ஒரு விலை, கல்லாவில் அதைவிடக் கூடிய விலை என்பது வேறு விவகாரம். விலையைப் பற்றித் தவறான எண்ணம் தருவதை 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவு குற்றம் என்கிறது. நிறுவனமாக இருந்தால் 250,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். “சிஸ்டத்தில் இன்னும் மாற்றவில்லை” என்பது கடையின் பிரச்சினை, நம்முடையது அல்ல. (5 காசுக்குச் சரிக்கட்டும் முறையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ரொக்கமாகக் கட்டும்போது மொத்தத் தொகைக்கு மட்டுமே. ஒவ்வொரு பொருளுக்கும் அல்ல.)

அலமாரிச் சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதைக் கடையை விட்டு வெளியேறும் முன் பாருங்கள். முதலில் வாடிக்கையாளர் முகப்பில் கேட்டால் பெரும்பாலும் வித்தியாசத்தைத் திருப்பித் தருவார்கள். மறுத்தாலோ, அதே தவறு அடுத்த வாரமும் தொடர்ந்தாலோ உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 எண்ணில் புகார் செய்யலாம். 60 காசுக்காகவா என்று கூச்சப்படத் தேவையில்லை. அந்தச் சீட்டைப் பார்த்து அன்று எத்தனை பேர் வாங்கினார்களோ, அத்தனை பேரிடமும் அந்த 60 காசு போயிருக்கும்.

பெரிய தொகை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 3 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும் என்பதால் ரசீதை எறிந்துவிடாதீர்கள். ரசீதின் மை சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே அதையும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.