எத்தனை இரவுகள்? பிரித்தானியாவில் வீடற்ற இளையோர்க்கான குறுங்காலப் புகலிடங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

வீட்டை விட்டு வெளியேறிய, அல்லது வெளியேற்றப்பட்ட பதின்ம வயதினரைச் சில நாள்கள் தங்கவைத்து, உணவும் பாதுகாப்பும் ஆலோசனையும் அளிக்கும் நிலையங்களைத் தருமப் பணிகளின் வரலாற்றில் ஓர் அத்தியாயமாக வைத்து நோக்குவதே பெருவழக்கு. அவ்வாறு நோக்குமிடத்து அவற்றை நிறுவியோரின் கருணை துலக்கமாகத் தெரிகின்றது. ஆயின், அங்கு வந்த சிறுவனோ சிறுமியோ எத்தனை இரவுகள் தங்கலாம் என்பதை எவர், எவ்வடிப்படையில் தீர்மானித்தனர் என்ற வினா எழுவதில்லை. அவ்வினாவைக் கொண்டு பிரித்தானிய அனுபவத்தை ஆராய்வதே எமது நோக்கமாகும். அலைந்து திரிவோரைத் தண்டிக்கும் இலங்கையின் 1841ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இங்கிலாந்தின் 1824ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்தது என்பதை நினைவிற் கொண்டால், இவ்வாராய்ச்சி எமக்கு அந்நியமானதன்று என்பது புலனாகும்.

இலண்டனின் கிழக்குப் பகுதித் தெருக்களில் உறங்கிய சிறுவர்க்கென 1870இல் தோமஸ் பர்னார்டோ ஸ்ரெப்னியில் ஓர் இல்லத்தைத் திறந்தார். இடமில்லை எனத் திருப்பியனுப்பப்பட்ட 11 வயதுச் சிறுவன் ஒருவன் சில நாள்களில் இறந்து கிடந்தான் என்றும், அதன் பின்னரே கதியற்ற எப்பிள்ளைக்கும் அனுமதி மறுக்கப்படாது என்ற அறிவிப்பு வாசலில் இடம்பெற்றது என்றும் அந்நிறுவனத்தின் வரலாறு கூறும். கதவு அகலத் திறந்தது உண்மையே. ஆனால் உட்புகுந்த பிள்ளை மீளும் வழி குறுகியது. 1882 முதல் பர்னார்டோ பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பலானார். பெற்றோர் மீளக் கோரியபோது வழக்குகள் எழுந்தன. 1891இல் பிரபுக்கள் சபை ஒரு தாயின் விருப்பத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டிற் பாராளுமன்றமோ, பிள்ளையைக் கைவிட்ட பெற்றோர் மீளக் கோரினால் நீதிமன்றம் அதனை மறுக்கலாம் எனச் சட்டமியற்றியது. பெற்றோரின் உரிமை ஏறத்தாழச் சொத்துரிமையாகவே கருதப்பட்ட மரபில் இது சிறிய உடைப்பன்று. எனினும் வழக்காடியோர் பெற்றோரும் நிறுவனமுமே. பிள்ளை எங்கிருக்க விரும்பியது என்பது இவ்விரு தரப்பாருக்கும் இடையிலான பிணக்கில் அமிழ்ந்துபோயிற்று.

இரண்டாம் உலகப் போரின் பின் உருவான நலன்புரி அரசு, பெற்றோரற்ற, கைவிடப்பட்ட பிள்ளைகளை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பாக்கியது. பாடசாலையை விட்டு, வேலை தேடித் தலைநகருக்கு வந்த 16, 17 வயதினர் இவ்வேற்பாட்டில் எளிதில் அடங்கவில்லை. இவ்விடைவெளியிலேதான் 1969 டிசெம்பர் 16ஆந் திகதி சோகோவிலுள்ள புனித ஆன் ஆலயத்தின் நிலவறையிற் கென்னத் லீச் என்னும் அங்கிலிக்கன் குருவானவர் ஓர் இரவுப் புகலிடத்தைத் தொடங்கினார். அதற்குச் சூட்டப்பட்ட பெயரே ஒரு கண்டனமாகும். 1966இற் கட்டி முடிக்கப்பட்ட சென்ரர் பொயின்ற் என்னும் 30 மாடிகளுக்கு மேற்பட்ட அலுவலகக் கட்டடம் குடியிருப்பாரின்றி வெறுமையாக நின்றது. வெறுமையாக நின்றபோதே அதன் பெறுமதி ஏறிக்கொண்டும் இருந்தது. வீடற்றோரை அவமதிக்கும் அக்கட்டடத்தின் பெயரையே நிலவறைக்கு இட்டனர். நிலம் பண்டமாகிவிட்ட நகரத்தைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை அப்பெயர் இரு சொற்களிற் கூறிவிட்டது.

புகலிடம் என்ற பெயர் மட்டும் பாதுகாப்புக்கு உத்தரவாதமாகாது என்பதையும் இங்கு மறைத்தலாகாது. 1975இல் ஒளிபரப்பான ‘ஜொனி கோ ஹோம்’ என்னும் விவரணப்படம், தன்னைத் தானே ஆயர் என அழைத்துக்கொண்ட ஒருவர் வீடற்ற பையன்களுக்கென விடுதிகள் நடத்தி, அவர்களைச் சீரழித்தமையை வெளிக்கொணர்ந்தது. பொறுப்பை அரசு கைநழுவவிட்ட இடத்திற் கருணையாளரும் வரலாம், வேட்டையாடுவோரும் வரலாம்.

குறுங்காலப் புகலிடம் பயன்படுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அதன் பின்வாசலுக்கு அப்பால் ஒரு வீடு இருத்தல் வேண்டும். 1977ஆம் ஆண்டு வீடற்றோர் சட்டம், பிள்ளைகளையுடைய குடும்பங்கள், கர்ப்பிணிகள், முதுமையாலோ நோயாலோ நலிந்தோர் ஆகியோருக்கு முன்னுரிமை அளித்தது. 16 வயதுடைய ஒருவர் தமது வயதின் காரணமாக மட்டும் அம்முன்னுரிமையைப் பெறவில்லை. பின்னர் தட்சர் அரசாங்கம் எஞ்சிய வழிகளையும் அடைத்தது. 1985ஆம் ஆண்டு விதிகளின்படி, விடுதிகளில் தங்கிய 26 வயதுக்குட்பட்ட வேலையற்றோர்க்குரிய உதவிக் கொடுப்பனவு கடலோர ஊர்களில் 2 வாரங்கள், பெருநகரங்களில் 8 வாரங்கள், ஏனைய இடங்களில் 4 வாரங்கள் என வரையறுக்கப்பட்டது. தவணை முடிந்ததும் வேறூருக்குப் பெயர வேண்டியதாயிற்று. வீடற்றோரை ஊர் ஊராக விரட்டிய பழைய வறியோர் சட்ட மரபு ஈண்டு புத்துயிர் பெற்றது எனலாம். 1988 செப்டெம்பரில் 16, 17 வயதினருட் பெரும்பாலாரின் வருமான உதவி முற்றாக நீக்கப்பட்டது. வாடகை கொடுக்க வழியற்ற ஒருவரை எந்தப் புகலிடமும் முன்னோக்கி அனுப்ப இயலாது.

பதினாறு வயதை அடையாதோரைப் பொறுத்தவரையிற் சிக்கல் வேறு. ஓடிவந்த பிள்ளைக்கு இடமளித்தலே குற்றமாகக் கூடும். 1985இற் சிறுவர் சங்கம் மத்திய இலண்டனில் ஓடிவந்தோர்க்கென ஒரு புகலிடத்தைத் திறந்தபோது முகவரியை இரகசியமாக வைத்திருந்தது. 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 51ஆம் பிரிவு, சான்றிதழ் பெற்ற புகலிடங்களுக்கு அக்குற்றத்திலிருந்து விலக்களித்தது. ஆயின் 1991ஆம் ஆண்டு விதிகள் அவ்விலக்கை ஒரே தொடரில் 14 நாள்களுக்கும், மூன்று மாதங்களில் மொத்தம் 21 நாள்களுக்கும் மட்டுப்படுத்தின. தந்தையின் அடிக்கஞ்சி ஓடிவந்த ஒரு சிறுமியின் அச்சம் பதினைந்தாம் நாள் காலையில் தீர்ந்துவிடும் என எவரும் நம்பியிருக்க மாட்டார். அவ்வெல்லை பெற்றோர் உரிமைக்கும் பிள்ளையின் பாதுகாப்புக்கும் இடையே செய்துகொள்ளப்பட்ட சமரசத்தின் அளவேயாகும்.

2002ஆம் ஆண்டு ஆணை 16, 17 வயதினரை முன்னுரிமைப் பிரிவிற் சேர்த்தது. அதன் பின்னரும், எவ்வலுவலகம் அவர்களைப் பொறுப்பேற்பது என்ற இழுபறி நீடித்தது. தாயால் வெளியேற்றப்பட்ட 17 வயது இளைஞன் ஒருவனுக்கு வேண்டியது உறைவிடம் மட்டுமே எனக் கூறி, இலண்டனின் சதாக் நகரசபை அவனை வீடற்றோர் பிரிவுக்கு அனுப்ப முனைந்தது. 2009 மேயிற் பிரபுக்கள் சபை அதனை நிராகரித்து, சிறுவர் சேவைப் பிரிவே அவனைப் பொறுப்பேற்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. இது பெயரளவிலான பிணக்கன்று. சிறுவர் சேவையின் பராமரிப்பில் 13 வாரங்களேனும் இருந்தவர்க்கே, பராமரிப்பை விட்டு நீங்கிய பின்னரும் உதவி பெறும் உரித்து 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் வழங்கப்பட்டிருந்தது. வீடற்றோர் பிரிவு தந்த கட்டிலிற் கழிந்த இரவுகள் அக்கணக்கிற் சேர்வதில்லை.