தோரா, ஜீயஸா.. யாருக்கு பவர் அதிகம்?

போன வாரம் மதிய இடைவேளையில் எங்கள் வகுப்பில் ஒரு பெரிய சண்டை. தோரும் ஜீயஸும் மோதினால் ஜெயிப்பது யார்? ஒருவன் சுத்தியல் என்றான், இன்னொருவன் மின்னல் என்றான். மணி அடித்ததுதான் மிச்சம், முடிவு கிடைக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் கிடைக்கவும் கிடைக்காது. ஜீயஸ் கிரேக்கப் புராணத்தில் இருக்கிறார், தோர் வட ஐரோப்பாவின் நார்ஸ் புராணத்தில். இருவரையும் அளக்கப் பொதுவான அளவுகோல் இல்லை.

அப்படியென்றால் இந்த ஒப்பீடே வெட்டி வேலையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். பாபிலோன் வரலாற்றைப் படித்த பிறகு எண்ணம் மாறிவிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு இது டைம் பாஸ் கேள்வியே அல்ல.

இன்றைய ஈராக்தான் அன்றைய மெசபடோமியா. அங்கே ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு கடவுள் உண்டு. நிப்பூர் நகரத்து என்லில்தான் நெடுங்காலம் கடவுள்களுக்கெல்லாம் பெரியவர். மார்டுக், பாபிலோன் என்ற சின்ன ஊரின் சாமி, அவ்வளவுதான். கி.மு. 18-ம் நூற்றாண்டில் ஹமுராபி அந்த ஊரை ஒரு பேரரசின் தலைநகராக்கினார். அவருடைய சட்டத் தொகுப்பின் முன்னுரையைப் பாருங்கள்: மக்கள் மீதான தலைமையை அனுவும் என்லிலும் மார்டுக்குக்குக் கொடுத்தார்களாம். ஊர் உயர்ந்தது, சாமியும் உயர்ந்தார்!

பிறகு வந்தது 'எனூமா எலிஷ்' என்ற படைப்புக் காவியம். மொத்தம் 7 களிமண் பலகைகள். கடலே உருவான டியாமத்தைப் பார்த்து கடவுள்கள் எல்லோரும் நடுங்குகிறார்கள். மார்டுக் மட்டும் முன்வருகிறார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஜெயித்தால் எல்லோருக்கும் அவரே தலைவர். ஜெயிக்கிறார், டியாமத்தின் உடலைப் பிளந்து ஒரு பாதியை வானமாக்குகிறார். கடைசியில் மற்ற கடவுள்கள் அவருக்கு 50 பெயர்கள் சூட்டுகிறார்கள்.

சரி, இவ்வளவு பலசாலியான சாமியின் ஊர் தோற்றால்?

தோற்கத்தான் செய்தது. ஹிட்டைட்டுகள், அசீரியர்கள், எலாமியர்கள் என்று வெவ்வேறு காலங்களில் வந்தவர்கள் மார்டுக்கின் சிலையையே தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைய மக்களுக்கு சிலை போனால் சாமியே ஊரை விட்டுப் போன மாதிரி. "நம்ம சாமி தோத்துட்டாரா?" என்ற கேள்வி எவ்வளவு வலித்திருக்கும்! அதற்கும் ஒரு பதில் எழுதி வைத்தார்கள். மார்டுக்கே பேசுவது போன்ற ஒரு பழைய நூல் இருக்கிறது. அதில் ஹிட்டைட் நாட்டுக்குத் தானாகவே போனதாகவும், அங்கே 24 ஆண்டுகள் தங்கியதாகவும் சொல்கிறார். யாரும் அவரைக் கடத்தவில்லையாம்!

எதிரிகளும் சும்மா இல்லை. அசீரிய மன்னன் சென்னாகெரிப் கி.மு. 689-ல் பாபிலோனைத் தரைமட்டமாக்கினான். அசீரியாவில் கிடைத்த 'எனூமா எலிஷ்' பிரதிகள் சிலவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. கதை அதேதான், டியாமத்தும் அதே டியாமத்துதான். ஹீரோ மட்டும் மார்டுக் இல்லை, அசீரியர்களின் கடவுளான அசூர்! காவியத்தைப் புதிதாக எழுதவில்லை, பெயரை மாற்றினார்கள், வேலை முடிந்தது.

இன்னொரு திருப்பமும் உண்டு. கி.மு. 539-ல் பாரசீக மன்னர் சைரஸ் பாபிலோனைப் பிடித்தார். 1879-ல் கிடைத்த அவருடைய களிமண் உருளை இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதன்படி, பாபிலோன் மன்னன் மீது கோபம் கொண்ட மார்டுக்தான் சைரஸைத் தேடித் தேர்ந்தெடுத்தார். ஊர் தோற்றது, ஆனால் ஜெயித்தது அதே ஊர் சாமி!

ஆக, எந்தக் கடவுளுக்கு பவர் அதிகம் என்று கேட்டால் பதில் வராது. அப்படிச் சொன்னது யார், எப்போது, எதற்காக என்று கேட்டால் வரலாறே பதிலாக வரும். கடவுள்களின் பலப்பட்டியல் என்பது மனிதர்களின் வெற்றி தோல்விக் கணக்கு, தோற்றவர்கள் மனம் உடையாமல் இருக்கத் தங்களுக்குச் சொல்லிக்கொண்ட ஆறுதலும் கூட. எனக்கு மார்டுக்கின் 50 பெயர்களை விட அந்த ஆறுதல்தான் பெரிதாகத் தெரிகிறது.

உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது நண்பர்களே? (தோர் கட்சிக்காரர்கள் என்னை மன்னிக்கவும்!)