முதலாளி மனைவிக்கு வந்த சோதனை

உங்கள் கணவர்தான் நிறுவனத்தில் எல்லாம். அதே நிறுவனத்தில் நீங்கள் ஒரு ஸ்டார் நடிகை. ஒரு குறிப்பிட்ட வேஷத்தில் நடிக்க ஆசைப்படுகிறீர்கள். வாய்திறந்து கேட்டால் கிடைத்துவிடாதா என்ன? கிடைக்கவில்லை! 1929-ல், ஹாலிவுட்டில், நார்மா ஷியரருக்கு நேர்ந்த சங்கடம் இது.

எம்.ஜி.எம். நிறுவனத்தின் தயாரிப்புப் பொறுப்பு முழுவதும் இர்விங் தால்பெர்க் கையில் இருந்தது. முப்பதே வயதான மேதை! 1927-ல் அவரை மணந்தவர் நார்மா. 'தி டைவர்ஸி' என்ற படத்துக்கு அப்போது ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. கணவன் தப்புத்தண்டா செய்கிறான். பதிலுக்கு மனைவியும் அதையே செய்கிறாள். அந்தக் காலத்துக்கு ரொம்பத் துணிச்சலான கதை. 'அந்த மனைவி வேஷம் எனக்கு வேணும்' என்று நின்றார் நார்மா. தால்பெர்க் மசியவில்லை. அடக்கமான சீமாட்டியாகவே திரையில் வந்துபோன நார்மாவுக்கு அந்தக் கவர்ச்சி ஏது என்பது அவர் கணக்கு. போதாக்குறைக்கு, ஜோன் க்ராஃபோர்டுக்கும் அதே வேஷத்தின் மேல் ஒரு கண்!

வாதாடிப் பயனில்லை என்று புரிந்ததும், நார்மா தேடிப்போனது ஒரு போட்டோகிராபரை. எம்.ஜி.எம்.முக்குள்ளேயே சகல வசதிகளுடன் போட்டோ பிரிவு இருந்தும், வெளியே லாஸ் ஏஞ்சலிஸில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்த ஜார்ஜ் ஹரலிடம் போனார்.

யார் இந்த ஹரல்? 1904-ல் கென்டக்கியில் பிறந்தவர். ஓவியராக வேண்டும் என்று 1925-ல் கலிஃபோர்னியாவின் லகூனா கடற்கரைக்கு வந்தவர். மற்ற ஓவியர்களையும் அவர்கள் வரைந்த படங்களையும் போட்டோ எடுத்துத்தான் பிழைப்பு ஓடியது. பான்ச்சோ பார்ன்ஸ் என்ற பெண் விமானி அவருக்குத் தோழி. அவர் மூலம் நடிகர் ராமோன் நோவாரோ வந்து படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் நார்மாவுக்கு இந்த யோசனையே வந்தது.

ஹரல் என்ன மந்திரம் செய்தார்? பெரிதாக ஒன்றுமில்லை. முகம் முழுக்க வெளிச்சத்தைக் கொட்டுவது அவர் வழியல்ல. ஒரு விளக்கைப் பிரதானமாக வைத்துக்கொள்வார். அது மேலிருந்து விழும்போது கன்ன எலும்பு எடுப்பாகும், கண்ணிமையின் நிழல் கன்னத்தில் படியும். மிச்சத்தை இருட்டு பார்த்துக்கொள்ளும்! நார்மா பட்டு அங்கியில் வந்தார். வாரி முடித்த கூந்தலைக் கலைத்துவிட்டு, காலை நீட்டி உட்காரவைத்தார் ஹரல்.

படங்கள் தால்பெர்க் மேஜைக்குப் போயின. தினம் தினம் வீட்டில் பார்த்த முகம்தான். ஆனால் மனுஷர் அசந்துபோனார். வேஷம் நார்மாவுக்கே! 1930-ல் படம் வெளியாகி, சிறந்த நடிகைக்கான ஆஸ்கரையும் அவருக்கு வாங்கித் தந்தது. ஹரலுக்கு எம்.ஜி.எம்.மிலேயே வேலை கிடைத்தது.

கதையின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வேஷத்தைக் கோட்டைவிட்ட க்ராஃபோர்ட் பின்னாளில் ஹரலின் கேமரா முன் எத்தனையோ முறை உட்கார்ந்தார். அவர் முகமெல்லாம் பழுப்புப் புள்ளிகள். ஒரு புள்ளிகூட பத்திரிகைக்குப் போகவில்லை! நெகட்டிவ் மேல் பென்சிலால் மணிக்கணக்கில் தீட்டித் தீட்டி அவற்றை மறைத்தார்கள். அச்சில் வந்த அந்தச் சருமம் க்ராஃபோர்ட் வீட்டுக் கண்ணாடியிலேயே கிடையாது. அதைப் பார்த்து எத்தனை பெண்கள் தங்கள் முகத்தை நொந்துகொண்டார்களோ!

ஹரல் 1932-ல் எம்.ஜி.எம்.மை விட்டு வெளியேறி, சன்செட் சாலையில் சொந்த ஸ்டுடியோ போட்டார். 1992-ல் காலமானார். பென்சில் வேலை இன்று செல்போனில் ஒரு நொடியில் முடிகிறது. விளக்கு வேலை? அதை வீட்டிலேயே செய்து பாருங்கள். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு மேஜை விளக்கை உங்கள் மனைவியின் அல்லது கணவரின் தலைக்கு மேலே, சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். தால்பெர்க் ஏன் மனசு மாறினார் என்பது அப்போது புரியும்!